தேறுவானா?

தமிழில் ‘தேறுவது’ என்ற சொல்லுக்கு இருக்கிற செல்வாக்கு வேறு சொல்லுக்கு உண்டா என்று எனக்குச் சந்தேகம். பரீட்சை எழுதின பையன் தேறுகிறான். காய்ச்சலில் கிடந்தவன் உடம்பு தேறி எழுந்து உட்காருகிறான். புருஷனைப் பறிகொடுத்தவள் மெள்ள மெள்ள மனம் தேறுகிறாள். களத்துமேட்டில் நிற்கிற குடியானவர் இந்தப் போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை தேறும் என்று விரல் விட்டு எண்ணுகிறார். இத்தனை காரியங்களுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. எதுவும் ஒரே நாளில் தேறிவிடுவதில்லை.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் கவனம் போனதற்குக் காரணம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது தபாலில் வந்து சேரும் கதைக் கட்டு. ஏதாவது ஒரு பத்திரிகை புதிய எழுத்தாளர்களுக்குப் போட்டி வைக்கும். முப்பது நாற்பது கதைகளைக் கட்டி அனுப்பி, “இவர்களில் யார் தேறுவார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று ஆசிரியர் ஒரு கடிதமும் வைப்பார். கையில் இருக்கிற கதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சுலபம். அதை எழுதின இருபது வயதுக்காரர் முப்பது வயதில் என்ன எழுதுவார் என்று சொல்வது ஜோசியம். ஜோசியத்துக்காவது பிறந்த நேரம் என்று ஓர் ஆதாரம் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

இந்த ஜோசியத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி வைத்திருக்கிற தேசம் அமெரிக்கா. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பெரிய லீகில் ஆடுகிற குழுக்கள் 30. ஒவ்வொரு பெரிய குழுவுக்கும் கீழே படிப்படியாக நான்கு சிறிய குழுக்கள். அவற்றுக்கும் கீழே, நேற்றுத்தான் வந்து சேர்ந்த பையன்களுக்கென்று ஒரு பயிற்சிக் களம். இந்தக் கீழ்ப்படிகளுக்கு மைனர் லீக் என்று பெயர். அதில் ஆடுகிறவர்களில் யார் மேலே வருவார்கள் என்று குழுக்குழுவாக வரிசை போட்டு வெளியிடுவதற்கென்றே பத்திரிகைகள் இருக்கின்றன. இன்ன குழுவின் முதல் பத்துப் பேர், இன்ன குழுவின் முதல் முப்பது பேர் என்று பட்டியல் வரும். நம் ஊரில் பரீட்சை முடிவு வெளியாகிற நாள் மாதிரி அங்கே அதற்காகக் காத்திருக்கிற கூட்டம் உண்டு.

பார்வையாளர்கள் மார்க் போடுகிற முறையும் விசித்திரமானது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை அல்ல. 20-லிருந்து 80 வரை. 50 என்றால் பெரிய லீகில் சராசரி. 80 என்றால் தலைமுறைக்குச் சிலர். மட்டையால் பந்தைத் தொடுகிற திறமைக்கு ஒரு மார்க், அடியின் பலத்துக்கு ஒரு மார்க், ஓட்டத்துக்கு, பந்தைப் பிடிப்பதற்கு, எறிகிற கைக்கு என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் போடுவார்கள். இன்றைக்கு இருப்பது ஒன்று. நாளைக்கு ஆகப்போவது இன்னொன்று. அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். இன்றைக்கு 30 போட்ட பையனுக்குப் பக்கத்திலேயே நாளைக்கு 60 என்று எழுத ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கீழ்ப்படிகளை இப்படிக் கட்டி எழுப்பியவர் பிராஞ்ச் ரிக்கி என்பவர். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற குழுவை நடத்தினார். பணக்காரக் குழுக்களோடு போட்டி போட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் சின்ன ஊர்க் குழுக்களை வாங்கிப் போட்டு, பையன்களை அங்கேயே வளர்க்கத் தொடங்கினார். அந்த ஏற்பாட்டுக்குப் ‘பண்ணை’ என்றே பெயர் ஏற்பட்டது. பெயர் பொருத்தந்தான். நாற்றங்காலில் விதைத்ததை மறுநாளே போய்ப் பிடுங்கிப் பார்க்கிறவன் விவசாயி அல்லவே! பிறகு புரூக்ளின் குழுவுக்குப் போன அதே ரிக்கிதான் 1945-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு இளைஞரை ஒப்பந்தம் செய்தார். ராபின்சன் 1946-ல் கீழ்ப்படியில் ஆடி, 1947-ல் பெரிய லீகில் கால் வைத்தார். அதற்கு முன் அறுபது வருஷமாக அந்தப் பார்வையாளர்களின் கண்ணில் ஒரு கறுப்பு இளைஞர்கூடப் படவில்லை என்றால், குறை கண்ணில் இல்லை. பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த வழக்கத்தில் இருந்தது.

இவ்வளவு சாஸ்திரம் இருந்தும் அவர்களுடைய கணக்குப் பொய்க்காமல் இல்லை. பில்லி பீன் என்ற இளைஞரை 1980-ல் முதல் சுற்றிலேயே கொத்திக்கொண்டு போனார்கள். எல்லாக் கட்டத்திலும் நல்ல மார்க். ஆனால் ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. 1990-ல் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தாமே மற்றவர்களைத் தேடிப் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். 1988-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். மைக் பியாசா என்ற பையன் 62-வது சுற்றில், 1390-வது ஆளாக எடுக்கப்பட்டார். அதுகூடத் திறமைக்காக அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் குழுவின் மானேஜர் டாமி லசோர்டா அவருடைய தகப்பனாருக்குப் பால்ய சிநேகிதர். சிபாரிசு! நமக்கு நன்றாகப் பழக்கமான சங்கதிதான். ஆனால் சிபாரிசு அவரை வாசல் வரைதான் கொண்டு வந்து விட்டது. அதன் பிறகு அவரை விக்கெட் கீப்பர் மாதிரியான இடத்துக்கு மாற்றி, டொமினிக்கன் குடியரசில் இருந்த பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, நான்கு பருவங்கள் கீழ்ப்படிகளில் ஆடவிட்டார்கள். 1993-ல் அவர் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம். 2016-ல் அந்த ஆட்டத்தின் மகா புருஷர்கள் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது.

வாசகர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, 1390 என்ற எண்ணைப் போட்டவர்களின் தவறை அல்ல. அந்த எண்ணைப் போட்ட பிறகும் நான்கு வருஷம் காத்திருந்தார்களே, அதை. இப்போது அங்கேயும் காத்திருக்கிற குணம் குறைந்து வருகிறது. 2021 முதல் 20 சுற்றுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. அதே வருஷம் கீழ்ப்படிக் குழுக்களில் நாற்பதுக்கு மேல் கழித்துவிட்டு 120-ஆகச் சுருக்கிவிட்டார்கள். பியாசா நுழைந்த கதவு இன்றைக்குச் சுவராகிவிட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி, சேலம் என்று போய், அதையும் தாண்டிச் சென்றால் சின்னப்பம்பட்டி. நடராஜன் பிறந்த ஊர். தாயார் ரோட்டோரத்தில் கடை வைத்திருந்தார். தகப்பனாருக்கு நெசவுக் கூலி. இருபது வயசு வரை அந்தப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் டென்னிஸ் பந்துதான். ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரர் ஒருவர் அவரைக் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். அங்கே நாலாவது டிவிஷனில் தொடங்கி, பிறகு முதல் டிவிஷன். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டம். உடனே ஓர் இடி. பந்து வீசுகிற கையின் மடக்கம் சந்தேகத்துக்கு உரியது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, வீசுகிற முறையையே மாற்றி அமைத்துக்கொண்டார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் குழுவில் யார்க்கர்களால் பெயர் எடுத்தார். 2017-ல் பஞ்சாப் குழு 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். அடுத்த இரண்டு வருஷமும் ஹைதராபாத் குழுவில் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். 2020-ல் ஆட விட்டார்கள், 16 விக்கெட். வலைப் பயிற்சிக்குப் பந்து வீசத்தான் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஒரே பயணத்தில், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதல் தடவையாக ஆடிவிட்டார். 2023-ல் சொந்த ஊரில் பையன்களுக்காக ஒரு மைதானமும் திறந்தாயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏழ்மையிலிருந்து உயர்ந்ததைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். விடட்டும். எனக்கு இதில் தெரிவது வேறு. 2015-ல் ‘தேறமாட்டார்’ என்று எழுதியிருக்கலாம். 2017-ல் எழுதியிருக்கலாம். 2019-ல் நிச்சயமாக எழுதியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் அந்த வார்த்தையை எழுதாமல் பேனாவை மூடி வைத்திருக்கிறார்.

அப்படிப் பேனாவை மூடி வைக்கிற ஒருவர் எனக்குச் சிநேகிதர். கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் டிரில் மாஸ்டர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். சென்ற வருஷம் கள்ளக்குறிச்சியில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு கிரிக்கெட் தேர்வு நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. “நீங்களும் வந்து பாருங்கள் சார், உங்களுக்கு ஒரு கதையாவது கிடைக்கும்” என்று அவர் கூப்பிட்டார். போனேன்.

மலையிலிருந்து அவர் ஒரே ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார். பதினைந்து வயசு. உயரம் அதிகமில்லை, தோள்பட்டை மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் அகலம். சாமைக் கொல்லையில் குருவி ஓட்டிக் கல் எறிந்து எறிந்து வளர்ந்த கை. இருட்டோடு பஸ் ஏறியிருக்கிறான். மலைப்பாதை வளைவில் வயிற்றைப் புரட்டி, வந்த சோற்றையும் வெளியே தள்ளியிருக்கிறான். மாஸ்டருடைய மகனின் ஷூ காலில் இருந்தது. தோல் பந்தை அவன் அதுவரை மொத்தம் நாலைந்து நாள்தான் தொட்டிருப்பான்.

பந்து வீசுகிறவனுக்கு ஆறு பந்து. அதுதான் விதி. வந்திருந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். தேர்வாளர்கள் மூன்றே பேர். வெயிலோ கொளுத்துகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பையனின் முதல் பந்து கீப்பரின் தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது, பக்கத்து வலையில் நின்றவனை விரட்டியது. மூன்றாவது அவன் காலடியிலேயே குத்தி உருண்டது. நாலாவதை நான் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். மட்டை மேலே இருக்கும்போதே ஸ்டம்பு பின்னால் கிடந்தது. ஐந்தும் ஆறும் மறுபடியும் அகலம். “அடுத்த பையன்!” என்று கூப்பிட்டார்கள்.

அடுத்து வந்தவன் டவுன் பையன். வெள்ளை உடுப்பு, சொந்தப் பை, நல்ல பழக்கம். அவனுக்கும் அன்றைக்கு நேரம் சரியில்லை. ஆறில் ஒன்றுகூட நேராக விழவில்லை. அப்போது தேர்வாளர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: “இன்றைக்கு இவனுக்கு என்னவோ வரவில்லை. போன மாசம் பார்த்தேன், அருமையாகப் போட்டான்.” அவன் பெயர் பட்டியலில் ஏறியது. மலைப் பையனின் பெயர் ஏறவில்லை.

அநியாயம் என்று கூச்சல் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் சொன்னது உண்மையாகவே இருக்கும். போன மாசம் அவன் நன்றாகத்தான் போட்டிருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தெரிந்த பையன் மோசமாகப் போட்டால் அது அவனுடைய ‘இன்றைக்கு’. தெரியாத பையன் மோசமாகப் போட்டால் அதுவே ‘அவன்’. போன மாசம் என்று ஒன்று இருப்பதே ஒரு சொத்து. அது டவுன் பையனிடம் இருந்தது. மலைப் பையனிடம் இருந்ததெல்லாம் ஆறு பந்து.

சோடா வாங்கிக் கொடுத்தபடி மாஸ்டரைக் கேட்டேன், “அந்த நாலாவது பந்து அவர்கள் கண்ணில் படவில்லையா?”

“பட்டிருக்கும் சார். ஆறில் ஒன்று என்று பட்டிருக்கும். எனக்கு ஒன்றுக்கு ஆறு என்று படுகிறது” என்றார் அவர். அதற்கு மேல் பேசவில்லை.

பத்து நாள் கழித்து நானே மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை வரை கரும்பும் நெல்லுமாய்ப் பசேலென்று இருக்கிறது. பிறகு ரோடு மலையேறத் தொடங்குகிறது. வெள்ளிமலையில் இறங்கினால் காற்றே வேறு. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது என்றாலும், வெள்ளிமலைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் நடக்கிறவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் இன்னும் தூரந்தான். மரவள்ளியும் சாமையும் போட்டிருக்கிற சரிவுகள். முற்றங்களில் காய்கிற கடுக்காய். பையனின் வீடு அப்படி ஒரு சரிவில் இருந்தது.

தகப்பனார் எங்களைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “வாத்தியாரய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவன் தேறுவானா?” என்றார்.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “பொங்கலுக்கு அப்புறம் மேஸ்திரி வராரு. குடகுக்குக் காப்பித் தோட்டத்து வேலைக்கு. போன வாரமே இவனப் பார்த்துட்டுத் தோளத் தட்டிப் பார்த்தாரு. முன்பணம் தரேங்கறாரு. வீட்டுக் கடன் பாதி தீந்துடும். தேறுவான்னா சொல்லுங்க, நிறுத்தி வச்சுக்கறேன். தேறமாட்டான்னாலும் சொல்லிடுங்க.”

எனக்குச் சுரீர் என்றது. மலைக்கு ஒரு பார்வையாளர் வரத்தான் செய்கிறார்! இருபதிலிருந்து எண்பது வரை மார்க் போடாமல், ஒரே தட்டில் தோளின் விலையைச் சொல்லிவிடுகிறவர். பிறப்புச் சான்றிதழ் கேட்காதவர். ஆறு பந்து போடச் சொல்லாதவர். அன்றைக்கே பணத்தைக் கையில் வைக்கிறவர். இப்படி ஆள் திரட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாருமே காப்பித் தோட்டத்துக்குத்தான் கூட்டிப் போகிறார்கள் என்பதும் இல்லை. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றது நினைவிருக்கலாம். கூலிக்காக மலையையும் அடிவாரத்தையும் விட்டுப் போன ஏழைகள் அவர்கள். நம்முடைய தேர்வாளர்கள் ஒரு பெயரை விட்டுவிட்டால் அந்தப் பையன் சும்மா வீட்டில் இருந்துவிடுவதில்லை. வேறொருவருடைய பட்டியலில் ஏறிவிடுகிறான்.

அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். 2008-ல் ஓர் அமெரிக்கர் இந்தியாவுக்கு வந்து, பந்தை வேகமாக எறிகிறவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். அவர்கள் இருவரும் அதுவரை ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். பேஸ்பாலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிட்ஸ்பர்க் குழு அவர்களை ஒப்பந்தம் செய்து 2009-ல் கீழ்ப்படியில் ஆடவிட்டது. இருவருமே பெரிய லீகுக்குப் போகவில்லை. தினேஷ் 2010-ல் ஊர் திரும்பினார். ரிங்கு சிங் இன்னும் சில காலம் தாக்குப் பிடித்தார். பிறகு காயங்கள் வந்து, மல்யுத்த மேடைக்குப் போனார். தேறவில்லை என்றுதான் கணக்கு எழுத வேண்டும். ஆனால் அவர்களைப் பற்றி யாரும் ஆறு பந்தில் முடிவு கட்டவில்லை. ஒரு மனுஷன் தன்னால் முடியுமா முடியாதா என்று தானே தெரிந்துகொள்வதற்குக் கொஞ்ச காலம் கிடைப்பதும் ஒரு பேறுதான். அது கிடைத்தவன் தோற்றாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘நான் மட்டும்...’ என்று ஆயுள் முழுக்கப் புலம்ப வேண்டியதில்லை.

மாஸ்டர் சிறிது நேரம் கடுக்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அண்ணே, தேறுவானா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும், மூன்று வருஷம், நான் பார்ப்பேன். ஒவ்வொரு தேர்வுக்கும் கூட்டிப் போவேன். பஸ் சார்ஜ் என்னுடையது. படிப்பும் நடக்கும். அதற்குள் கை வராவிட்டால் அப்போது நானே வந்து சொல்கிறேன்” என்றார்.

“மூணு வருஷமா?” என்றார் தகப்பனார். அதில் மலைப்பும் இருந்தது. இத்தனை நாள் ஒருவர் தன் மகனுக்காக ஒதுக்குகிறாரே என்ற ஆச்சரியமும் இருந்தது. கடனுக்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு மாஸ்டரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பையனின் தாயார்தான் உள்ளேயிருந்து, “மேஸ்திரி அடுத்த வருசமும் வருவாரு. வாத்தியாரு வருவாரா?” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் தம்முடைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பதினெட்டு வருஷமாக வைத்திருக்கிறாராம். பக்கத்துக்கு ஒரு பையன், ஒரு பெண். ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் குறித்திருந்தது. மார்க் போடுவதற்கு அவர் ஒரு கட்டம் கிழித்திருந்தார். அந்தக் கட்டத்தில் மட்டும் எந்தப் பக்கத்திலும் எண் இல்லை. தேதி இருந்தது; அடுத்த தடவை பார்க்க வேண்டிய தேதி. சில பக்கங்களில் ஆறு ஏழு தேதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. பலவற்றில் கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ‘திருப்பூர்’ என்றோ ‘கேரளா’ என்றோ ‘கல்யாணம்’ என்றோ எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் ‘போலீஸ் வேலை’ என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அந்தப் பெண் ஓட்டத்தில் நாலு தேர்வு தவறியவளாம்.

அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு வருகிற கதைக் கட்டுகளை நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஆசிரியர்கள் கேட்கிறபடி முதல், இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுத்தான் அனுப்புகிறேன்; பரிசுப் பணம் யாருக்காவது போய்ச் சேர வேண்டுமே. ஆனால் தோற்ற கதைகளில், எங்கேயோ நடுவில் ஒரு பத்தி மட்டும் நாலாவது பந்து மாதிரி விழுந்திருந்தால், அந்த விலாசத்தைத் தனியே குறித்துக்கொள்கிறேன். பக்கத்தில் மார்க் போடுவதில்லை.

மலைப் பையனின் பக்கத்தில் மாஸ்டர் அன்றைக்குப் பஸ்ஸிலேயே எழுதிய தேதி, வருகிற சித்திரையில் வருகிறது. நானும் போவதாக இருக்கிறேன்.